குளிர்ந்த இன்ஜினில் ஒன்றரைச் சுற்று

இன்ஜின் சூடாவதற்கு முன்னால் ஸ்லோ ஸ்பீடு வைக்கக் கூடாது என்று, மெக்கானிக் வேலையில் சேர்ந்த முதல் வாரமே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். பாலிடெக்னிக்கில் சொன்னார்கள், ஒர்க்‌ஷாப்பிலும் சொன்னார்கள். ஆகவே தெரியாமல் செய்த தப்பைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை. தெரிந்தே செய்தேன். பிறகு அதை மறைக்கவும் பார்த்தேன். அதன் பின்னும் இந்தத் தொழிலில் நிலைத்து, நாலு பேர் மதிக்கும்படி ஓய்வு பெற்றேன் என்றால் அதற்கு இரண்டு பேர் காரணம். ஒருவர் வண்டி ஓட்டியவர். இன்னொருவர் அழுக்குத் துணி மூட்டை தூக்கியவர். இரண்டு பேருக்கும் நான் முறையாக நன்றி சொன்னதில்லை. உங்களிடம் சொல்லியாவது வைக்கிறேன்.

எழுபதுகளின் பிற்பாதி. தில்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பராமரிப்புப் பிரிவில் மெக்கானிக்காக இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. கிட்வாய் நகரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் குவார்ட்டர்ஸில் பின்பக்கத்து அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, சைக்கிளில் வேலைக்குப் போய்வருவேன்.

ஆஸ்பத்திரி வளாகம் பெரிது. சலவைக்கூடம் ஒரு கோடியில், பிரசவ வார்டு மறு கோடியில். துணி மூட்டைகளையும் சாப்பாட்டுப் பாத்திரங்களையும் கொண்டுபோக ஒரு பெட்ரோல் வண்டி இருந்தது. ஏதோ கண்காட்சிக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் திரும்பிப் போகும்போது தானமாகக் கொடுத்துவிட்டுப் போனது. நாலு சின்னச் சக்கரம், முன்னால் ஒரு சீட், பின்னால் சாமான் வைக்கத் தட்டையான மேடை, சீட்டுக்கு அடியில் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்கிற இன்ஜின். எல்லோரும் அதை ‘இன்ஜின்வாலா டேலா’, அதாவது இன்ஜின் வைத்த தள்ளுவண்டி, என்பார்கள்.

அதில் கியர் கிடையாது, கிளட்ச் மிதியும் கிடையாது. இன்ஜின் ஒரு அளவுக்கு மேல் சுற்றினால் கிளட்ச் தானாகப் பிடித்துக்கொள்ளும், வண்டி நகரும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சுற்று குறையும், கிளட்ச் விட்டுவிடும், வண்டி நிற்கும். எனவே அதில் இரண்டு வேகங்களைக் கவனிக்க வேண்டும். ஓடும்போது எவ்வளவு வேகம் போகலாம் என்பதைக் கவர்னர் என்கிற பாகம் பார்த்துக்கொள்ளும். அதைத் தொட எல்லோரும் பயப்படுவோம். நிற்கும்போது இன்ஜின் என்ன வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதை, அதாவது ஸ்லோ ஸ்பீடை, கார்புரேட்டரில் உள்ள ஒரு சின்ன ஸ்குரூ பார்த்துக்கொள்ளும். அதைத் தொட யாரும் பயப்படமாட்டோம். இன்றைக்கும் நீங்கள் பயப்படுவதில்லை என்று நினைக்கிறேன்.

வண்டியை ஓட்டியவர் ராம்பால். ரோத்தக் பக்கத்து ஆள், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தற்காலிக டிரைவர். வேலை நிரந்தரமாகும் என்று மூன்று வருஷமாகக் காத்திருந்தார். அவர் பேசியதெல்லாம் ஹரியானா இந்தி. உங்கள் வசதிக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

ஜனவரி மாதம். பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத ஒரு காலைப்பொழுது. ஆபரேஷன் தியேட்டரின் ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. எங்கள் உதவிப் பொறியாளர் இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது ராம்பால் வண்டியோடு வந்து வழியை மறித்தார்.

“ஒவ்வொரு வார்டு வாசலிலும் நின்றுபோகிறது மத்ராஸி. கயிறு இழுத்து இழுத்துக் கை போய்விட்டது. பிரசவ வார்டு சிஸ்டர் நேற்றே கத்தினாள். ஏதாவது பண்ணு.”

“இன்ஜின் இன்னும் சூடாகவில்லை. அரைமணி ஓட்டிவிட்டு வாருங்கள், பார்க்கிறேன்.”

“நிற்காமல் இருந்தால்தானே அரைமணி ஓட்டுவேன்?”

நியாயமான கேள்விதான். சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தேன். குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கு இழுக்கும் சோக் பாதி இழுத்தபடி இருக்க, ஜில்லிட்ட இன்ஜினில், அந்த ஸ்குரூவை ஒன்றரைச் சுற்று உள்ளே திருப்பினேன். தடுமாறிக்கொண்டிருந்த சத்தம் சீரானது. ராம்பால் முகம் மலர்ந்தது.

“சூடானதும் கொண்டுவாருங்கள், திரும்பக் குறைக்க வேண்டும்” என்று சொல்ல நினைத்தேன். சொன்னேனா? பல வருஷம் யோசித்துப் பார்த்திருக்கிறேன். சொன்னதாக ஞாபகம் வரவில்லை. “சலோ, ஜல்தி!” என்று அவரை விரட்டியது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் ஜெனரேட்டரைப் பார்க்க ஓடினேன்.

அன்று ஒன்பதரை மணி வாக்கில் பனி விலகி வெயில் வந்துவிட்டது. தில்லிக் குளிர்காலத்தில் வெயில் வந்தால் வார்டு முழுக்க வெளியே வந்துவிடும். பிரசவ வார்டுக்கு முன்னால் இருந்த புல்தரையில் நாற்காலிகளையும் கட்டில்களையும் போட்டு, பிள்ளை பெற்றவர்கள் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். ராம்பால் வார்டு வாசலில் வண்டியை நிறுத்தினார். அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது என்று இன்ஜினை அணைக்கவில்லை. ஹேண்ட் பிரேக்கும் போடவில்லை. சமதரையில் அதைப் போடுகிற வழக்கம் எங்கள் யாருக்கும் இருந்ததில்லை. அந்த வண்டி நிறுத்தின இடத்தில் எருமை மாதிரி நிற்கும். அவர் ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்க உள்ளே போனார்.

வண்டியிலிருந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தவர் பச்சையம்மாள். விருத்தாசலம் பக்கத்தவர், நாற்பது வயதிருக்கும். கணவர் கட்டட வேலை. ஆற்றங்கரைக் குடிசை ஒன்றில் இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் தமிழ் பேசக் கிடைத்த ஆள் என்று என்னிடம் வாஞ்சையாக இருப்பார்.

கடைசி மூட்டையை இறக்கிவிட்டு, உள்ளே இருந்து ஒரு அழுக்குத் துணி மூட்டையோடு அவர் வெளியே வந்தபோது வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. ஆள் நடக்கிற வேகம்தான். ஆனால் நேரே புல்தரையைப் பார்த்துப் போனது. இன்ஜின் சத்தம் வழக்கமானதுதான் என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பச்சையம்மாள் கத்தியிருக்கிறார். தமிழில் கத்தியிருக்கிறார். யாருக்கும் புரியவில்லை. ஓடிப்போய் மூட்டையை முன் சக்கரத்துக்கு அடியில் தள்ளி, வண்டியைப் பக்கவாட்டில் முட்டித் திருப்பியிருக்கிறார். வண்டி தாழ்வாரத் தூணில் போய் மோதி நின்றது. அவருடைய இடது கை தூணுக்கும் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது.

முதல் நாற்காலி அங்கிருந்து ஏழெட்டு அடி தூரத்தில் இருந்தது. அதில் இருந்தவள் மடியில் பிறந்து மூன்று நாளான குழந்தை.

செய்தி கேட்டு நான் போனபோது பச்சையம்மாளை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோய்விட்டார்கள். கூட்டமும் அவர் பின்னாலேயே போயிருந்தது. இன்ஜினை அணைத்து வண்டியை வேப்பமரத்தடியில் தள்ளி விட்டிருந்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. கயிற்றை இழுத்தேன். சூடான இன்ஜின், ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. பிடித்த உடனேயே வண்டி முன்னால் இழுத்தது. இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைப் போட வேண்டியிருந்தது.

அந்த இழுப்பிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குளிரில் சரியாக இருந்த சுற்று, சூடானதும் ஏறி, ஆள் இல்லாமலே கிளட்ச்சைப் பிடிக்க வைத்திருக்கிறது. திருப்புளியை எடுத்து ஒன்றரைச் சுற்று வெளியே திருப்பினேன். இன்ஜின் தணிந்தது. பிரேக்கை எடுத்தும் வண்டி சாதுவாக நின்றது. இன்னொருவருக்கு ஆபத்து வரக் கூடாது என்றுதான் இதைச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்காக என்றால் இன்ஜினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தாலே போதும்.

மதியம் உதவிப் பொறியாளர் வந்து இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார். கால்மணி நேரம் ஓடியும் வண்டி அசையவில்லை. ராம்பாலிடம் திரும்பினார்.

“தானாக நகர்ந்தது என்றாயே. நகர்த்திக் காட்டு பார்ப்போம்.”

“சாஹிப், கடவுள் மேல் சத்தியமாக—”

“குடித்துவிட்டு வந்தாயா?”

ராம்பால் என்னைப் பார்த்தார். மெக்கானிக் ஏதாவது சொல்வான் என்ற பார்வை. என்மேல் சந்தேகம் என்று அதில் துளியும் இல்லை. காலையில் நான் ஸ்குரூவைத் திருப்பியதை அவர் உதவியாகத்தான் நினைத்திருந்தார், குற்றமாக அல்ல. நான் தரையைப் பார்த்தேன். இரண்டு நாளில் விசாரணை, அதுவரை வேலைக்கு வரவேண்டாம் என்று அவரை அனுப்பிவிட்டார்கள். தற்காலிக ஆள். விசாரணை எப்படி முடியும் என்று எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் பிற்பகல் பச்சையம்மாளைப் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பேச ஆரம்பித்துவிட்டார்.

“வா தம்பி, உன்னயத்தான் நெனச்சிகிட்டு இருந்தன். அந்த டைவரு பொய் சொல்லல தம்பி. வண்டி நின்னுச்சி. நல்லாத்தான் நின்னுச்சி. நான் ரெண்டு தபா உள்ள போயிட்டு வந்தன், அப்பவும் நின்னுச்சி. மூட்டய எல்லாம் எறக்கினப்புறம் தானாப் போவுது. நான் கண்ணால பாத்தன்.”

“இத அவங்ககிட்ட சொன்னீங்களா அக்கா?”

“சொல்லாம? எனக்குத் தெரிஞ்ச இந்தியில சொன்னன். நின்னுச்சின்னு எழுதிக்கிட்டாங்க. போச்சின்னு சொன்னத எழுதல. நாளைக்கு கூப்பிடுறாங்களாம். நீ கூட வந்து இந்தியில நல்லா எடுத்துச் சொல்லு தம்பி. ரெண்டு பிள்ளைக்காரரு. பாவம்.”

நான் சரி என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் என்னிடம் கேட்டது சாட்சியை மொழிபெயர்க்கத்தான். அந்தச் சாட்சி யாரைப் பிடித்துக்கொடுக்கும் என்று அவருக்குத் தெரியாது.

அன்று அறைக்கு வந்து ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. வீட்டுக்கார அம்மாள் கொடுத்தனுப்பிய ரசம் சாதம் அப்படியே ஆறிப்போனது. வேலை போனால் ஊருக்குத் திரும்ப வேண்டும். நான் அனுப்பும் மணியார்டரில்தான் தங்கை படித்துக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் நினைத்தேன். பச்சையம்மாள் சொல்வதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டால் போதும், பொய் சொன்னதாகாது என்றும் நினைத்தேன். விடிவதற்குள் நல்ல முடிவுக்கு வந்துவிட்டேன் என்று எழுதினால் அது இன்னொரு பொய். முடிவு எதுவும் இல்லாமல்தான் விசாரணைக்குப் போனேன்.

துணைக் கண்காணிப்பாளரான ஒரு டாக்டரம்மாவும் எங்கள் உதவிப் பொறியாளரும் விசாரித்தார்கள். ராம்பால் சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டு, சுவர் ஓரமாக நின்றிருந்தார். பச்சையம்மாள் சொல்லச் சொல்ல நான் இந்தியில் சொன்னேன். ஒரு வார்த்தையும் விடவில்லை.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். “நின்ற வண்டி, யாரும் தொடாமல், பிறகு எப்படிப் போகும்? நீங்கள்தானே மெக்கானிக். அப்படி நடக்க முடியுமா?”

பச்சையம்மாளுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. ஆனால் எல்லோரும் என்னைப் பார்ப்பதைக் கண்டு, “சொல்லு தம்பி, சொல்லு” என்றார். இன்னும் ஏதோ மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது என்று நினைத்தார் போல.

“முடியும், மேடம்” என்றேன். “நான்தான் காரணம்.”

காலையில் திருப்பியது, மரத்தடியில் திரும்பக் குறைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். உதவிப் பொறியாளருக்கு முகம் சிவந்துவிட்டது.

“சிநேகிதனைக் காப்பாற்றக் கதை கட்டுகிறான். நானே ஓட்டிப் பார்த்தேன், வண்டி நன்றாக இருக்கிறது.”

“அப்படியானால் செய்து காட்டட்டும்” என்று டாக்டரம்மா எழுந்துவிட்டார்.

வண்டி இரண்டு நாளாக வெளியே கிடந்து ஜில்லிட்டிருந்தது. எல்லோரும் பார்க்க, ஸ்குரூவை ஒன்றரைச் சுற்று உள்ளே திருப்பினேன். சோக்கைப் பாதி இழுத்து ஸ்டார்ட் செய்தேன். சீட்டை விட்டு இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றேன். வண்டி நின்றது. இரண்டு நிமிஷம் ஆயிற்று. நாலு நிமிஷம் ஆயிற்று. சோக்கைத் தள்ளிவிட்டேன். அப்போதும் நின்றது. நம் குற்றத்தை நிரூபிக்க ஒரு இன்ஜினை நோக்கிப் பிரார்த்தனை செய்கிற நிலைமை உங்களில் யாருக்கும் வர வேண்டாம்.

உதவிப் பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். “போதும் மேடம். எனக்கு வேலை இருக்கிறது.” டாக்டரம்மாவும் ஒரு அடி எடுத்து வைத்தார்.

அப்போது பச்சையம்மாள் குறுக்கே வந்து நின்றார். கட்டுப் போடாத கையை நீட்டி, “கொஞ்சம் பொறுங்கம்மா. அன்னைக்கும் இப்டித்தான் நின்னுச்சி. நான் ரெண்டு நடை போய் வர நேரம் ஆவும்” என்றார். நான் மொழிபெயர்த்தேன். இன்ஜின் பக்கம் காதைச் சாய்த்திருந்த ராம்பால் மெதுவாக, “சத்தம் ஏறுகிறது” என்றார்.

ஏறத்தான் செய்தது. யாருக்கும் எளிதில் தெரியாதபடி, கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு வண்டி ஒரு தடவை சிலிர்த்தது. சக்கரம் ஒரு சாண் உருண்டது. பிறகு யாரும் உட்காராத அந்த வண்டி, அமைதியாக, எங்களை நோக்கி வர ஆரம்பித்தது. டாக்டரம்மா புடவையைப் பிடித்துக்கொண்டு விலகினார். ராம்பால் பாய்ந்து சாவியைத் திருப்பினார்.

ராம்பால் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது. பச்சையம்மாள் என்னைப் பார்த்தார். இப்போது அவருக்கு எல்லாம் புரிந்திருந்தது. முகத்தில் கோபம் இல்லை. திரும்பி வார்டுக்கு நடந்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

“ஏன் திருப்பிக் குறைத்தீர்கள்?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“பயந்துவிட்டேன், மேடம்.”

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். ராம்பாலை மறுநாளே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் கட்டாயம் என்று உத்தரவு வந்தது. எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை. வண்டிகளைத் தொடக் கூடாது என்று தண்ணீர் பம்ப் அறைக்கு மாற்றினார்கள். வேலை போகவில்லை. உதவிப் பொறியாளர் என்னை வேலையிலிருந்து நீக்கத்தான் எழுதினார் என்றும், தானாக ஒப்புக்கொண்டவனை அனுப்பிவிட்டால் அடுத்தவன் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டான் என்று டாக்டரம்மா மறுத்துவிட்டார் என்றும் பிறகு தெரிந்தது. அவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் நான் மறுபடி மெக்கானிக் ஆனது அவரால் அல்ல.

பம்ப் அறை இருட்டான இடம். மோட்டார் ஓசையைத் தவிரத் துணை கிடையாது. ராம்பால் எதிரே வந்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போவார். பச்சையம்மாள் வேலைக்குத் திரும்பியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போய்ப் பேசத் தைரியம் வரவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போயிற்று.

மார்ச் தொடக்கம் இருக்கும். ஒருநாள் முற்பகலில் பம்ப் அறை வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ராம்பால் சீட்டில் இருந்தார். பின்னால் துணி மூட்டைகளுக்கு நடுவில் பச்சையம்மாள். இடது கையில் இன்னும் துணிக்கட்டு.

“உனக்குப் பின்னால் வந்த மெக்கானிக் ரொம்பக் குறைத்து வைத்துவிட்டான். எல்லா வார்டிலும் நின்றுபோகிறது” என்றார் ராம்பால். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். “அரைமணி ஓட்டிச் சூடாக்கிக் கொண்டுவந்திருக்கிறேன். வந்து வை.”

“நான் வண்டியைத் தொடக் கூடாது என்று உத்தரவு.”

“சாஹிபிடம் கேட்டுவிட்டேன். வேறு யார் வைத்தாலும் நான் ஓட்ட மாட்டேன் என்றேன். தொலையட்டும், போ என்றார்.”

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். “வேறு யாரையாவது...” என்று இழுத்தேன்.

பச்சையம்மாள் மூட்டை மேலிருந்து குனிந்து பார்த்தார். “இன்னா தம்பி யோசன? ஒருக்கா கெடுத்தவனுக்குத்தான் எங்க கெடும்னு தெரியும். வந்து பாரு. எனக்கு இன்னும் நாலு வார்டு இருக்குது.”

பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். மூட்டைகளை எல்லாம் இறக்கச் சொன்னேன். காலி வண்டியில்தான் பார்க்க வேண்டும். சோக் முழுக்கத் தள்ளியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். ஸ்குரூவைக் கால் சுற்று திருப்பினேன். காத்திருந்தேன். இன்னும் ஒரு மயிரிழை. மறுபடி காத்திருந்தேன். ஆக்சிலேட்டரை மிதித்து விட்டுப் பார்த்தேன். சத்தம் கீழே வந்து, தடுமாறாமல் அங்கேயே நின்றது. பிறகு கல்லை எடுத்தேன். ராம்பால் அவசரப்படுத்தவே இல்லை. பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“முடிஞ்சிதா?” என்றார் பச்சையம்மாள்.

“முடிஞ்சது அக்கா. ஆனா இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் ஓடவிட்டுப் பாக்கணும். நீங்க கொஞ்சம் தள்ளி—”

அவர் தள்ளிப் போகவில்லை. இறக்கி வைத்திருந்த மூட்டைகளில் ஒன்று அவிழ்ந்து கிடந்தது. அதை இழுத்துக்கொண்டு, இன்ஜின் ஓடியபடி நின்ற வண்டிக்கு நேர் முன்னால் போனார். அதற்கு முதுகைக் காட்டியபடி தரையில் உட்கார்ந்தார். நல்ல கையாலும் பல்லாலும் முடிச்சைப் போட ஆரம்பித்தார். ஐந்து நிமிஷமும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.